ரெஜைனாவுக்கு வரலாமா என்று கேட்டவருக்கு

கேள்வி: கனடாவில் ரெஜைனா நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கோதுமை வயலைத் தவிர அங்கே ஒன்றுமே இல்லை என்கிறார்கள். போகலாமா?

தாராளமாக வாருங்கள். நான் பல வருடமாக இங்கேதான் இருக்கிறேன். உங்களிடம் அப்படிச் சொன்னவர் அநேகமாக டொரொன்டோக்காரராக இருப்பார். இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

இங்கே வஸ்கானா என்று ஓர் ஓடை இருக்கிறது. ஆகஸ்டில் பார்த்தால் நம்மூர் வாய்க்கால் அளவுதான், ஒத்துக்கொள்கிறேன். இங்குள்ள பூர்வகுடிகளின் கிரீ மொழியில் எலும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். கரையில் காட்டெருமை எலும்புகளை மலைபோலக் குவித்திருந்தார்களாம். 1882இல் ரெஜைனா என்று பெயர் வைக்கும்வரை இந்த இடத்துக்கே 'எலும்புக் குவியல்' என்றுதான் பெயர்.

அந்த ஓடையை ஏப்ரலில் பார்க்க வேண்டும். ஐந்து மாதப் பனியும் சில வாரத்தில் உருகிவிடும். அடியில் களிமண், அதுவும் உறைந்து கிடக்கும். தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் ஓடைக்கே வரும். அது போய்ச் சேரும் குவாப்பெல் ஆற்றங்கரையில் லம்ஸ்டன் என்ற சின்ன ஊர். 1974 வெள்ளத்தில் மணல் மூட்டை அடுக்கித்தான் ஊரைக் காப்பாற்றினார்கள்.

நான் வந்த இரண்டாம் வருடமும் அதே பயம். கூட வேலை பார்ப்பவர் கூப்பிட்டார் என்று போனேன். சாக்கை முட்ட முட்ட நிரப்பி இறுக்கிக் கட்டினேன். பக்கத்தில் நின்ற வயதான விவசாயி ஒருவர் பேசாமல் அதை அவிழ்த்து, பாதி மணலைக் கொட்டினார். வாயை மடித்து அடியில் செருகி, கிடத்தி, பூட்ஸ் காலால் மிதித்தார். மூட்டை அப்படியே படிந்து உட்கார்ந்தது. "முழு மூட்டை கல் மாதிரி, இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்துவிடும்" என்றார். இருட்டும்வரை நான் சாக்கைப் பிடிக்க, அவர் மண்வெட்டியால் அள்ளிப் போட்டார்.

ஓடை எங்கள் ஊரைத் தாண்டித்தான் அவர் ஊருக்குப் போகிறது. அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் போன் வரும்: "பாலத்துக்கிட்ட தண்ணீர் எவ்வளவு?" போய்ப் பார்த்துச் சொல்வேன்.

குளிர் மைனஸ் நாற்பது வரை போகும், அதை மறைக்கவில்லை. 'வேறு ஊரில் வேலை கிடைக்காமல் இதைப் புகழ்கிறான்' என்று யாராவது எழுதலாம். கிடைத்தது, நான்தான் போகவில்லை.

என் சொந்த மாமா இரண்டு முறை டொரொன்டோ வந்தார். இரண்டு முறையும் நயாகரா பார்த்தார். டிக்கெட் நானே எடுக்கிறேன் என்றேன். "அங்க வந்து என்னத்தடா பாக்குறது?" என்றார். இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, நீங்கள் ஏப்ரலுக்கு முன்னால் வந்துவிட்டால் சொல்லுங்கள். பாலத்துக்கு நானே கூட்டிப்போகிறேன்.