பெரிய அணிகளின் இளம் வீரர்களைச் சின்ன கால்பந்து கிளப்புகள் லோனில் எடுப்பதால் யாருக்கு லாபம்?

லோனில் போகும் வீரரின் ஒப்பந்தம் தாய் கிளப்பிடமேதான் இருக்கும். அரை சீசனோ ஒரு சீசனோ ஆடுவது மட்டும் வேறு அணிக்காக. சம்பளத்தில் யார் எவ்வளவு கொடுப்பது என்பதைப் பேசி முடிவு செய்வார்கள். சில சமயம் தனியாக லோன் கட்டணமும் உண்டு.

காசு கொடுத்து வாங்கவே முடியாத திறமை சின்ன கிளப்புக்குக் கிடைக்கிறது. இங்கிலாந்து வீரர் ஹாரி கேனைப் பாருங்கள். 2011 ஜனவரியில், 17 வயதில், தாய் கிளப்பான டாட்டன்ஹாம் அவரை இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்கில் இருந்த லேட்டன் ஓரியண்டுக்கு அனுப்பியது. அடுத்த வருடம் மில்வால். இரண்டாம் நிலை லீக்கிலிருந்து கீழே இறங்கிவிடுவோமோ என்று தவித்துக்கொண்டிருந்த அணி அது. அது தப்பித்ததில் கேன் அடித்த கோல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தோற்றால் கிளப்பின் வருமானமே அடிபடும் என்ற அழுத்தத்தை எந்த ரிசர்வ் (இரண்டாம் அணி) ஆட்டமும் ஒரு 18 வயதுப் பையனுக்குக் கற்றுத்தராது.

அப்புறம் கேன் லோனில் போன நார்விச்சில் காயம், லெஸ்டரில் பல ஆட்டங்களில் பெஞ்ச். அதனால் கிளப்பின் பெயரைவிட, அங்குள்ள பயிற்சியாளர் பையனைக் களத்தில் இறக்குவாரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் லோன் வீரர் தாய் கிளப்புக்கு எதிராக ஆட முடியாது. ஐரோப்பியப் போட்டிகளில் அந்தத் தடை இல்லை. 2014 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், செல்சி லோனில் அனுப்பிய கோர்ட்வா அத்லெட்டிகோ மாட்ரிட்டின் கோல்கீப்பராக நின்றார், வெளியேறியது செல்சி. அவரை ஆடவைத்தால் அத்லெட்டிகோ செல்சிக்குப் பணம் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ முன்பே சொல்லிவிட்டது.