வாசகர் கேள்வி–பதில்: டெண்டருக்கு முன்னும் பின்னும்

கேள்வி: டெண்டர் முறைப்படி விட்டோம், குறைந்த விலை கேட்டவருக்கே வேலையைக் கொடுத்தோம் என்கிறார்கள். பிறகு பணம் எங்கே கசிகிறது?

பதில்: நிபந்தனை எழுதும்போதே ஆளை முடிவு செய்துவிடுவார்கள். இவ்வளவு விற்றுமுதல், இன்ன இயந்திரம் சொந்தமாக வேண்டும் என்று அடுக்கினால் ஒரே நிறுவனம்தான் பொருந்தும். மற்றவர்கள் பேருக்கு விலை போடுவார்கள். பெரிய வேலையைத் துண்டு துண்டாக்கி, டெண்டரே தேவைப்படாத வரம்புக்குள் அடக்குவதும் உண்டு.

ஆனால் யாரும் பார்க்காத இடம் டெண்டருக்குப் பிந்தைய கோப்பு. அடிமட்ட விலைக்கு வேலையை எடுத்தவர், 'கூடுதல் வேலை', 'அளவு மாற்றம்' என்று பில்லை ஏற்றிக்கொண்டே போவார். ஆகவே மூன்று எண்களைக் கேளுங்கள்: போட்டியிட்டவர்கள் எத்தனை பேர், ஒப்பந்தத் தொகை எவ்வளவு, கடைசியில் கொடுத்தது எவ்வளவு. உக்ரைன் 2016இல் கட்டாயமாக்கிய 'புரோசோரோ' இணைய முறையில் தோற்றவர்களின் விலையும், ஒப்பந்தத் திருத்தங்களும் எவரும் பார்க்கும்படி வெளியாயின. அறிவிப்பை மட்டும் இணையத்தில் போட்டால் அது வெளிப்படைத்தன்மை ஆகாது.

கேள்வி: ஊழல் தடுப்பு அமைப்பு ஹாங்காங்கில் மட்டும் எப்படிப் பலித்தது?

பதில்: 1974இல் அதைக் காவல் துறைக்கு வெளியே அமைத்து, நேரே ஆளுநருக்குக் கீழ் வைத்தார்கள். சம்பளத்துக்கு மீறி வாழும் அரசு ஊழியர், பணம் வந்த வழியைத் தானே விளக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. 1977இல் இந்த அமைப்பின் விசாரணைகளை எதிர்த்துப் போலீசார் கொந்தளித்து எழுந்தபோது, அந்த ஆண்டு ஜனவரி 1க்கு முந்தைய பெரும்பாலான குற்றங்களைத் தொடராமல் விட்டார்கள். கசப்பான விலைதான், அமைப்பு பிழைத்தது.

அன்றைய ஹாங்காங் குடியாட்சி அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. தேர்ந்தெடுத்த அரசையே விசாரிக்கும் அமைப்பென்றால், தலைவரை நியமிப்பதில் எதிர்க்கட்சிக்கும் இடம் வேண்டும். பதவிக்காலம் நடுவில் பறிக்க முடியாததாக இருக்க வேண்டும். வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி தேவைப்படக் கூடாது. அந்த முன் அனுமதி தேவைப்பட்டால், மற்றவை இருந்தும் கோப்பு மேசையிலேயே கிடக்கும்.

கேள்வி: வேட்பாளரின் செலவுக்கு வரம்பு போட்டால் போதாதா?

பதில்: போதாது. பிரிட்டன் 1883இல் வேட்பாளருக்கு வரம்பு போட்டது. கட்சிகளின் நாடு தழுவிய செலவுக்கு வரம்பு வந்தது 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். அதுவரை வேட்பாளரின் கையைக் கட்டினாலும் கட்சியின் கை கட்டப்படவில்லை.