வைன் லிஸ்ட்டை என்ர கையில தந்துட்டினம்! – கேளுங்கோ, சொல்லுறன்

கேள்வி: அக்கா, அடுத்த கிழமை கொள்ளுப்பிட்டியில ஒரு பெரிய ரெஸ்டோரண்ட்ல எங்கட ஒபிஸ் டின்னர், வெளிநாட்டுக் கிளையண்ட் ரெண்டு பேரும் வருகினம். போன முறை பொஸ் வைன் லிஸ்ட்டைத் தூக்கி என்ர கையில தந்துட்டார், எனக்கு விளங்கினது விலை மட்டும்தான். இந்த முறை வெக்கப்படாம எடுக்கிறது எப்பிடி?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: தம்பி, விலை விளங்கினாப் பாதி வேலை முடிஞ்சுது எண்டுதான் நான் சொல்லுவன். எவ்வளவுக்குள்ள எடுக்கலாம் எண்டதை பொஸ்ஸிட்ட முதலே கேட்டு வையுங்கோ, மேசையில இருந்துகொண்டு கேக்க வேண்டாம். லிஸ்ட்டில விலைக்குப் பக்கத்தில ரெண்டு பிளஸ் குறி போட்டிருக்கோ எண்டும் பாருங்கோ, இருந்தா 10,000 எண்டு கிடக்கிற போத்தல் 10% சேர்விஸ் சார்ஜ், 18% வற் எல்லாம் ஏறி பில்லில 13,000க்குக் கிட்ட வந்து நிக்கும், கனபேர் இதிலதான் மாட்டுப்படுகிறவை.

பேந்து வெயிட்டரைக் கூப்பிட்டு, உங்களுக்குத் தோதான விலையில விரலை வைச்சு, "நாங்க நண்டும் றாலும் சொல்லியிருக்கிறம், இந்த மாதிரி வெள்ளை வைன் ஒண்டு சொல்லுங்கோ" எண்டு கேளுங்கோ. "இந்த மாதிரி" எண்டேக்க விரல் விலையில நிக்கிறதை அவர் பாப்பார், கிளையண்டுக்குக் காசுக்கதை ஒண்டும் கேக்காது. வைனின்ர பேர் வாயில வராட்டியும் அதே விரலால காட்டினாச் சரி. கேட்டா மதிப்புக் குறைஞ்சிடும் எண்டு நினைக்காதேங்கோ, வைன் நல்லாத் தெரிஞ்ச ஆக்கள்தான் கூடக் கேக்கிறவை.

இனிச் சாப்பாடு. எங்கட ஆக்கள் பெரிய டின்னர் எண்டா உடனே சிவப்பு, அதுவும் கபர்னே சோவினியோன் மாதிரிப் பாரமான ஒண்டை எடுத்துப்போட்டு யாழ்ப்பாணத்து நண்டுக் கறியோட குடிப்பினம். எனக்கு அதைப் பாக்கப் பாவமாக் கிடக்கும், ஏனெண்டா அந்த வைன்ல இருக்கிற டனின் எண்ட துவர்ப்பும் 14% அற்ககோலும் உறைப்பை இன்னும் கிளப்பி விடும், கடைசியில நண்டும் தெரியாது வைனும் தெரியாது. உறைப்புக்கு லேசா இனிப்பும் புளிப்பும் இருக்கிற, அற்ககோல் குறைஞ்ச வெள்ளைதான் சரி. ஜெர்மன் ரீஸ்லிங் இருந்தா யோசிக்காம எடுங்கோ, லேபிள்ல கபினெட் எண்டு இருந்தா அனேகமா மெல்லிய வைன், ஆனா ட்ரொக்கன் எண்டும் சேந்து கிடந்தா அதில இனிப்பு இராது. ரீஸ்லிங் இல்லாட்டி தென்னாபிரிக்கா ஷெனின் பிளாங் பாருங்கோ, காசுக்கு மோசமில்லை. ஹொட் பட்டர் கட்டில்பிஷ், பொரியல் வகை எண்டா இத்தாலிப் புரோசெக்கோ ஒரு போத்தல் நடுவில வையுங்கோ, அந்த எண்ணெயை நுரை வெட்டிக்கொண்டு போகும். ஸ்டேக், ஆட்டிறைச்சி எண்டு ஆரும் சொன்னா மட்டும் ஆர்ஜென்டினா மால்பெக் மாதிரிச் சிவப்புக்குப் போங்கோ.

லிஸ்ட் விளங்காததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி எல்லாம் திராட்சையின்ர பேரைப் போடுவினம். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின்காரர் அனேகமா ஊர்ப் பேரைத்தான் போடுறவை. ஷாப்ளி எண்டா ஷார்டனே, வெள்ளைச் சான்செர் எண்டா சோவினியோன் பிளாங், சிவப்பு ரியோஹா எண்டா கூடுதலா டெம்ப்ரனியோ, கியாண்டி எண்டா சஞ்சியோவேசே. இந்த நாலையும் போன்ல எழுதி வையுங்கோ, போதும். பேர் போன ஊரெண்டா அந்தப் பேருக்கும் சேத்துத்தான் காசு குடுக்கிறியள்.

கேள்வி: கல்யாண நாளுக்கு நானும் அவரும் வெளியில சாப்பிடப் போறம். போத்தல் எடுக்கிறதோ கிளாஸோ? வெயிட்டர் ஒரு சொட்டு ஊத்திப்போட்டு முகத்தைப் பாத்துக்கொண்டு நிப்பாரே, அதுக்கு என்ன சொல்லுறது?
– தெஹிவளை வாசகி

பதில்: ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர், கிளாஸுக்கு 150 ஊத்தினா அஞ்சு கிளாஸ். ரெண்டு பேரும் ரெண்டு ரெண்டு குடிப்பியள் எண்டா கிளாஸ் விலையை நாலால பெருக்கிப் பாருங்கோ, போத்தல் விலைக்குக் கிட்ட வந்தா போத்தலையே எடுங்கோ. ஒரு கிளாஸ்தான் எண்டா, "இந்தப் போத்தல் எப்ப திறந்தது?" எண்டு கட்டாயம் கேளுங்கோ, முந்தநாள் திறந்ததுக்குப் புதுப் போத்தல் காசு குடுக்கத் தேவையில்லை.

அந்தச் சொட்டு, உங்களுக்குப் பிடிச்சிருக்கோ எண்டு கேக்கிறதுக்கு இல்லை பிள்ளை, போத்தல் பழுதோ எண்டு பாக்கத்தான். முதல்ல போத்தலைக் காட்டேக்கயே லேபிளும் வருஷமும் நீங்க கேட்டதுதானோ எண்டு பாருங்கோ. பிறகு கிளாஸை ஒருக்காச் சுத்தி மணந்து பாருங்கோ, மழையில நனைஞ்ச காட்போட் பெட்டி மாதிரி மணந்தா கோர்க்கால பழுதான வைன். "இது சரியில்லைப் போல, நீங்களும் ஒருக்கா மணந்து பாருங்கோ" எண்டு சொன்னாச் சரி, நல்ல இடமெண்டா வேற போத்தல் கொண்டு வருவினம். பழுதில்லையெண்டா தலையை ஆட்டி விடுங்கோ, அவ்வளவுதான். கோர்க்கைத் தந்தா மேசையில வைச்சு விடுங்கோ. திருகு மூடிப் போத்தலுக்கு இந்தப் பிரச்சினை வாறது அருமை, அதை மலிவுச் சாமான் எண்டு நினைக்கவும் வேண்டாம்.

சிவப்பு எடுத்தா இன்னொண்டு. சிவப்பை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்க வேணும் எண்டு சொல்லுறது குளிர் நாட்டு அறையை வைச்சு, 16–18 பாகை. கொழும்பில ராவிலயும் 27, 28 நிக்குது, அந்தச் சூட்டில சிவப்பு வைன் சாராயம் மாதிரித்தான் மூக்கில ஏறும். கூசாம ஐஸ் பக்கெட் கேட்டு ஒரு பத்து, பதினைஞ்சு நிமிஷம் வையுங்கோ, பக்கத்து மேசைக்காரர் பாத்தாப் பாக்கட்டும்.

கேள்வி: டியூட்டி ஃப்ரீல வாங்கின போத்தலை ரெஸ்டோரண்டுக்குக் கொண்டு போகலாமோ?
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: சில இடத்தில விடுவினம், சில இடத்தில வாசல்லயே வேண்டி வைச்சிடுவினம். மேசை புக் பண்ணேக்கயே கோர்க்கேஜ், அதாவது நீங்க கொண்டு போற போத்தலைத் திறந்து ஊத்துறதுக்கு அவை எடுக்கிற காசு, எவ்வளவு எண்டு கேளுங்கோ, அவையின்ர லிஸ்ட்டில இருக்கிற அதே வைனைக் கொண்டு போகாதேங்கோ, அது மரியாதையில்லை. கலண்டரையும் ஒருக்காப் பாருங்கோ, போயா, அதுதான் பூரணை நாள், எண்டா குடிவகை ஒண்டும் குடுக்கமாட்டினம். கூட வாறவைக்கு 21 வயசு ஆகேல்லை எண்டா அவைக்கு லைம் ஜூஸ் சொல்லுங்கோ.