மகளுக்கு ‘சப்போர்ட்’ வேலை: தயங்கும் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்த தங்கள் மகளுக்குக் கோடிங் வேலை அமையாமல், இரவுப் பணியும் உள்ள ‘புரொடக்‌ஷன் சப்போர்ட்’ (பயன்பாட்டில் உள்ள மென்பொருள்கள் தடையின்றி ஓடுகின்றனவா என்று கவனிக்கும்) பிரிவில் இடம் கிடைத்திருப்பதால், அவருடைய படிப்பு வீணாகிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேரட்டும். ஆனால் முதல் ஆறு மாதங்களுக்குள் ஷெல் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதித் தானாக ஓடவைக்கும் கோப்பு) எழுதுவதில் அவர் கைதேர்ந்துவிட வேண்டும். அதைக் கற்காதவர்கள் ஆண்டுக்கணக்கில் அதே கட்டளைகளைக் கையால் தட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பதால்தான் இதை வற்புறுத்துகிறேன்.

அவர் கவனிக்கப்போவது பெரும்பாலும் டாம்கேட், வெப்லாஜிக், ஜேபாஸ் போன்ற அப்ளிகேஷன் சர்வர்களை, அதாவது இணையச் செயலிகளை இயக்கும் மென்பொருள்களைத்தான். டாம்கேட்டையே எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில் அது உறைந்துபோனால் நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். நிறுத்தும் கட்டளை முடிந்துவிட்டது என்பதாலேயே உள்ளே ஓடும் ஜாவா புராசஸும் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரலும்) முடிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அது 8080 என்ற போர்ட்டை, அதாவது இணைப்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாயிலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே புதிதாகத் தொடங்கினால், அதே போர்ட் கிடைக்காமல் புதியது இயங்காது. ஆகவே நல்ல ஸ்கிரிப்ட், ஏன் உறைந்தது என்பதற்குத் தடயமாக முதலில் த்ரெட் டம்ப் (அந்த நொடியில் நிரலின் ஒவ்வொரு இழையும் என்ன செய்கிறது என்ற பதிவு) எடுத்துவைத்து, நிறுத்தும் கட்டளையைக் கொடுத்து, முப்பது விநாடி வரை காத்திருந்து, அப்போதும் அடங்காவிட்டால் ஒழுங்காக முடித்துக்கொள்ளச் சொல்லும் ‘கில் -15’ அனுப்பி, வேறு வழியே இல்லாதபோது மட்டும் கட்டாயமாக நிறுத்தும் ‘கில் -9’ஐக் கையாண்டு, மறுபடி தொடங்கியபின் இணையப் பக்கம் உண்மையிலேயே பதில் தருகிறதா என்று சோதித்த பிறகே வெற்றி என்று அறிவிக்கும். பத்து சர்வர்களில் தூக்கக் கலக்கத்தோடு ஒருவர் இதையெல்லாம் கையால் செய்தால் ஏதாவதொரு படி நிச்சயம் விடுபடும்.

வட்டு நிரம்பிவிடுவது இன்னொரு அன்றாடத் தொல்லை. பெருத்துப்போன ‘கேட்டலினா.அவுட்’ என்ற டாம்கேட்டின் லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பைப் புதியவர்கள் அழித்துவிடுவார்கள். சர்வர் அதைத் திறந்தே வைத்திருப்பதால் இடம் விடுபடாது. தேவையானதைப் படியெடுத்துக்கொண்டு கோப்பின் அளவைப் பூஜ்யமாக்குவதே சரி. அதேபோல, பழைய லாக்குகளை அழிக்கும் ஸ்கிரிப்டில் அடைவின் பெயரைத் தாங்கும் மாறிக்கு மதிப்புத் தர மறந்தால், அழிப்பு எல்லாக் கோப்புகளையும் உள்ளடக்கிய மூல அடைவிலிருந்தே தொடங்கிவிடக்கூடும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ‘செட் -யூ’ (மதிப்புத் தரப்படாத மாறி வந்தால் நிறுத்து) என்று ஒரு வரி இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதும் பழக்கமும் வேண்டாம்.

இதற்காகப் பணம் கட்டிப் பயிற்சி நிலையத்தில் இப்போது சேர்க்க வேண்டாம். 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி போதும். விண்டோஸாக இருந்தால் டபிள்யூ.எஸ்.எல். (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓடவிடும் வசதி) வழியாக லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம். டாம்கேட்டும் இலவசமே. ஒரே கணினியில் இரண்டு டாம்கேட்டுகளை ஓடவிட முயலச் சொல்லுங்கள். 8080, 8005 (நிறுத்தும் கட்டளையைப் பெறுவது) ஆகிய இரண்டு போர்ட்களையும் ஒன்றில் மாற்றாமல் அது நடக்காது என்பதை அவரே கண்டுபிடிக்கும்போது பாதிப் பாடம் முடிந்திருக்கும். ஆன்சிபிள் (பல சர்வர்களை ஒருசேர நிர்வகிக்கும் கருவி), பைத்தான் நிரல்மொழி எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். டெவ்ஆப்ஸ் (மென்பொருள் உருவாக்கத்தையும் இயக்கத்தையும் இணைக்கும்) பணிகளுக்குப் பலர் இந்த வழியாகத்தான் சென்றிருக்கிறார்கள்.

இரவுப் பணி எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும், வீடு வரை வாகனம் உண்டா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சேரும் நாளுக்கு முன்பாக, மேலே சொன்ன மறுதொடக்க ஸ்கிரிப்டை அவர் ஒருமுறை எழுதிப் பார்த்து, எந்த வரியில் பிழை காட்டுகிறதோ அதையும் சேர்த்து எனக்கு அனுப்பட்டும்.