மனசு வைத்தால் குடியை ஒரே நாளில் விட்டுவிட முடியாதா?

"மனசு வைத்தால் விட்டுவிடலாம், என் கணவர்தான் வேண்டுமென்றே விடமாட்டேன் என்கிறார். நாலு நாள் ரூமில் வைத்துப் பூட்டினால் சரியாகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பூட்டாதீர்கள். நாங்கள் பூட்டினோம்.

நான் டாக்டர் இல்லை. குடிகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று யாராவது கீழே எழுதக்கூடும். எழுதட்டும். குடியால் எங்கள் வீட்டில் போன நகைக்கும் நிம்மதிக்கும் கணக்கே இல்லை.

அண்ணனுக்குப் பட்டறை வேலை. பதினைந்து வருடக் குடி. காலையில் எழுந்ததும் கை நடுங்கும், ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் ஸ்பேனர் பிடிக்க வரும். அதைத் திமிர் என்றே நினைத்திருந்தோம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து டாஸ்மாக்கை மூடியதும் அம்மா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். அண்ணன் வேறு எங்காவது தேடிப் போய்விடக் கூடாது என்று பின்கட்டு அறையில் விட்டுத் தாழ் போட்டது நான்தான்.

முதல் நாள் வேர்வை, நடுக்கம், வாந்தி. மறுநாள் ராத்திரி கை கால் வெட்டி இழுத்தது. கையில் இரும்புச் சாவியைத் திணித்தோம், தானாக அடங்கியதைச் சாவியால் அடங்கியது என்று நம்பினோம். மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று விரலால் வழித்து வழித்துப் போட்டார். செத்துப்போன அப்பாவோடு பேசினார். பக்கத்து வீட்டு அத்தை காத்துக் கருப்பு என்று வேப்பிலை கொண்டுவந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தபோதுதான் அண்ணி எங்கள் யாரையும் கேட்காமல் 108-க்குப் போன் செய்தார். அண்ணன் இன்றைக்கு இருக்கிறார் என்றால் அது அண்ணியால்.

டாக்டர் அதை டெலிரியம் ட்ரெமென்ஸ் என்றார். கடைசியாகக் குடித்த இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் வருமாம், சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாமாம். சரக்கு மூளையை மந்தப்படுத்த, மூளை அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிப் பழகிவிடுகிறது. திடீரென்று சரக்கை நிறுத்தினால் அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. இதில் மனசு எங்கே வருகிறது? "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்க சார்" என்று நான் கெஞ்சினேன். முதலில் வைட்டமின் பி1 ஊசி போட்டார். ரொம்ப நாள் குடித்தவர்களுக்கு அது வற்றிப்போயிருக்கும், அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கலாம் என்றார்.

அங்கே ஒன்பது நாள் இருந்தோம். ஆண்கள் வார்டில் துணைக்கு இருப்பது பெரும்பாலும் பெண்கள்தான், அந்தத் தளத்தில் எங்களுக்கென்று ஒரு கழிப்பறை இல்லை. அண்ணி தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் ஒரு கட்டடம் கட்டும்போது இதை யாருமே யோசிக்க மாட்டார்களா?

எல்லோருக்கும் இப்படி ஆகாது. வருடக்கணக்கில் தினமும் குடிப்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அதற்காக நீங்களே ஊற்றிக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. டாக்டர் கையில், மருந்தோடு நிறுத்தச் சொல்கிறேன்.

"பீர்தான் குடிக்கிறார், அது ஒன்றும் செய்யாது" என்று எழுதியிருந்தீர்கள். 8 சதவீத பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் 52 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. ஒரு குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 77 மில்லி. இரண்டு பீர் குடித்தால் குவார்ட்டரைத் தாண்டியாயிற்று. அப்புறம், சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுக்க ஒரு பொடி இருக்கிறது என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள். அதில் டைசல்ஃபிராம் இருக்கலாம், குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மருந்து அது. அது கலந்த உணவைச் சாப்பிட்டவர் தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் சம்மதித்து, டாக்டர் சொல்லித்தான் அந்த மருந்தைக் கொடுக்க வேண்டும்.

எட்டு மாதம் கழித்து அண்ணன் மறுபடி குடித்தார். எல்லாம் வீண் என்று நான் கத்தினேன். டாக்டர் ஆச்சரியமே படவில்லை. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தார், மருந்தைப் பார்த்தார், மறுபடி வரச் சொன்னார். அதற்குப் பிறகு அண்ணன் குடிக்கவில்லை.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், இலவசம். போகும்போது அவர் கடைசியாகக் குடித்தது எப்போது, தினமும் எவ்வளவு, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்று எழுதிக்கொண்டு போங்கள். எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான். எனக்கு ஒன்றுக்குமே பதில் தெரியவில்லை.