எல்லாம் என்று சொல்வது எளிது
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: ஏழு ஆண்டுகளாக எங்கள் ஊர்க் கன்வென்ஷனின் (சபையார் கூடும் நற்செய்திப் பெருங்கூட்டத்தின்) கடைசி நாளில், "என் வாழ்க்கை முழுவதையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறேன்" என்று கண்ணீரோடு எழுந்து நிற்கிறேன். வீடு திரும்பி ஒரு வாரம் ஆவதற்குள் பழைய கோபம் வந்துவிடுகிறது. மாமனார் இறந்தபின் வீட்டைப் பங்கு பிரித்ததில் எனக்கும் என் ஓர்ப்படியாளுக்கும் மனக்கசப்பு. ஒரே முற்றத்தில் இருந்தும் மூன்று ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. நான் ஒப்புக்கொடுத்தது உண்மையாகவே இல்லையா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்ப ஒப்புக்கொடுப்பது போலித்தனத்தின் அடையாளம் அன்று. கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரே மூன்று முறை ஜெபித்தார். மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லியே ஜெபித்தார் என்று மத்தேயு (26:44) எழுதி வைத்திருக்கிறார். சிலுவையை எடுத்துக்கொண்டு பின்வர வேண்டும் என்ற அழைப்பை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவருமே பதிவு செய்திருக்க, லூக்கா மட்டும் (9:23) அதனோடு "அனுதினமும்" என்ற ஒரு சொல்லையும் சேர்த்துத் தருகிறார். ஆண்டுக்கு ஒரு முறை எழுந்து நிற்பதால் அந்தச் சொல்லின் கடன் தீராது என்பதை நீங்களே ஏழு ஆண்டுகளாகக் கண்டிருக்கிறீர்கள்.

எனினும், உங்கள் சிக்கல் எத்தனை முறை ஒப்புக்கொடுத்தீர்கள் என்பதில் இல்லை. "முழுவதையும்" என்ற சொல்லில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தலைமையாசிரியர் பொறுப்பை ஒப்படைத்த நாளில், பள்ளியில் உள்ள அனைத்தையும் ஒப்படைத்தேன் என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்திட முடியவில்லை. பீரோ நான்கு, அவற்றில் ஒன்றுக்குப் பூட்டு இல்லை. ஆய்வகத் தராசு இரண்டு. பதிவேடுகள் இத்தனை, சாவிகள் இத்தனை என்று ஒவ்வொன்றாகக் காட்டி, எண்ணி, எழுதிய பிறகுதான் புதியவர் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்திட்டார். ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பதற்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். (சாவியைக் கொடுத்த மறுவாரமே ஏதோ ஒரு சாக்குச் சொல்லிப் பள்ளிக்குப் போய், ஒரு பீரோவைத் திறந்து பார்க்கச் சொன்னவனும் நான்தான். எனவே, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உங்கள் சங்கடம் எனக்குப் புதிது அன்று.)

மாற்கு 10ஆம் அதிகாரத்தில் வரும் செல்வந்தன் தேவனுடைய கட்டளைகள் அனைத்தையும் சிறுவயது முதல் கைக்கொண்டவன். இயேசு அவனை அன்போடு பார்த்து, "உன்னிடத்தில் ஒரு குறைவு உண்டு" என்றார். பல குறைவுகளைப் பொதுவாகச் சொல்லியிருந்தால் அவன் தலையாட்டிவிட்டு நிம்மதியாக வீடு போயிருப்பான். ஒன்றைச் சுட்டியதால்தான் துக்கத்தோடு போனான். உங்கள் பட்டியலில் அந்த ஒன்று எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் கடிதத்திலேயே அதை எழுதிவிட்டீர்கள்.

பலிபீடத்தண்டை காணிக்கையோடு வந்தவனுக்கு அங்கே சகோதரனின் நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் ஒப்புரவாகிவிட்டு வர வேண்டும் என்பது மலைப்பிரசங்கத்தின் ஒழுங்கு (மத்தேயு 5:23, 24). கன்வென்ஷன் பந்தலிலிருந்து உங்கள் முற்றத்திற்கு ஒரு பாதை இருக்கிறது. ஏழு ஆண்டுகளில் அந்தப் பாதையை யாரும் உங்களுக்குக் காட்டவில்லையே என்பதுதான் என் வருத்தம். கை உயர்த்தச் சொல்லும் பிரசங்கியார்கள், உயர்த்திய கையால் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

ஒன்றை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன். கசப்பை ஒப்புக்கொடுப்பது வேறு, சட்டப்படி உங்களுக்கு உரிய பங்கை விட்டுக்கொடுப்பது வேறு. பங்கில் அநீதி நடந்திருந்தால் பெரியவர்களை வைத்து நியாயம் கேட்க உங்களுக்குத் தடையில்லை. ஆனால் நியாயம் கிடைக்கும்வரை முகம் பார்க்கமாட்டேன் என்பதைத்தான் பட்டியலில் எழுத வேண்டும். முதல் நாளே கட்டிப்பிடித்து அழ வேண்டும் என்பதில்லை. முற்றத்தில் எதிர்ப்படும்போது "சாப்பிட்டாயா?" என்று கேட்பதில் தொடங்கலாம். பதில் வராவிட்டால் மறுநாளும் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 27, வங்கியில் பணி. முழுநேர ஊழியத்திற்கு அழைக்கப்பட்டதாக உணர்கிறேன். விதவையான தாய், மணமாகாத தங்கை, வீட்டுக்கடன் ஆகியவை தடுக்கின்றன. எல்லாவற்றையும் விட்டு இயேசுவைப் பின்பற்றுவதுதானே சீஷத்துவம் (அவருடைய சீடனாக வாழ்வது)?
— வாசகர், மதுரை

பதில்: தம்பி, ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த லேவி எல்லாவற்றையும் விட்டு எழுந்து போனார், உண்மைதான். அதே வரி வசூலிக்கும் தொழிலில் இருந்த சகேயு, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தரவும் முன்வந்தார். அவரிடம் இயேசு வேலையை விடச் சொன்னதாக லூக்கா எழுதவில்லை. கதரேனர் நாட்டில் பிசாசுகளிலிருந்து விடுதலை பெற்றவனோ, கூடவே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டும் "உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப் போ" என்று திருப்பி அனுப்பப்பட்டான். விட்டுவிடுவதே சீஷத்துவம் என்றால் அவனுக்குச் சீஷத்துவம் மறுக்கப்பட்டது என்றல்லவா சொல்ல வேண்டும்? அவன் தெக்கப்போலி என்னும் நாட்டில் சாட்சி சொன்னதாக மாற்கு முடிக்கிறார்.

நம் ஊரிலேயே ஒருவரைச் சொல்லலாம். நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பின்னும் தமிழாசிரியராகவே பிழைத்தார். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியம் 1894இல்தான் நூலாக வெளிவந்தது. இடையில் 36 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் வகுப்பறையில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தவரை ஊழியக்காரர் அல்லர் என்று நான் சொல்லமாட்டேன். பவுலும் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்தே பிரசங்கித்தார்.

இன்னொன்று கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்கான காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கியவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7:11). உங்கள் அழைப்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தாயும் தங்கையும் தடை அல்லர். அவர்கள் நீங்கள் ஒப்புக்கொடுக்கும் பட்டியலில் முதலில் எழுத வேண்டியவர்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற உவமை சீஷத்துவத்தைப் பற்றியே சொல்லப்பட்டது.

வீட்டுக்கடனில் இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. ஒரு தாளில் அதை எழுதி, அம்மாவையும் தங்கையையும் உட்காரவைத்துக் காட்டிப் பேசுங்கள். அதன்பின் அந்தத் தாளோடு உங்கள் ஆயரைப் போய்ப் பாருங்கள். ராஜினாமாக் கடிதத்தை அதுவரை எழுத வேண்டாம்.