மாதச் சம்பளக் குடும்பத்துக்குக் குறைந்த பிரீமியத்தில் போதிய ஆயுள் காப்பீடு கிடைக்குமா?

உங்களுக்கு வயது 34, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மாதம் 28,000 ரூபாய் சம்பளம், பேரணாம்பட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், வீட்டுக் கடனில் இன்னும் 8 லட்சம் பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் 2,500 ரூபாய் கட்டினால் 5 லட்சத்துக்குப் பாலிசி என்று ஒரு முகவர் சொல்வதாகவும், அதைவிடக் குறைந்த செலவில் நல்ல பாதுகாப்பு கிடைக்குமா என்றும் கேட்கிறீர்கள். கிடைக்கும். வேலூர் வட்டாரத்தில் வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். காப்பீடு விற்பவன் இல்லை. ஆனால், கணவரை இழந்த பெண்கள் காகிதங்களோடு வந்து நிற்கும்போது அவற்றைச் சரிபார்த்துத் தரும் வேலை பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தொகையைக் கணக்கிடுங்கள். பிரீமியத்தைப் பிறகு பார்க்கலாம். நீங்கள் இல்லாத வீட்டுக்கு மாதம் 18,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2,16,000 ஆகிறது. வங்கி வைப்புக்குக் கிடைக்கும் வட்டியும் விலைவாசி உயர்வும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று கொண்டு, இளைய பிள்ளை தலையெடுக்கும்வரை 20 ஆண்டுகளுக்கு அதைப் பெருக்கினால் 43 லட்சம் வருகிறது. வீட்டுக் கடனையும் சேர்த்தால் 51 லட்சம். முகவர் சொல்லும் 5 லட்சம் கடன் பாக்கிக்கே போதாது. நம் ஊர்ப்பக்கத்தில் பாலிசி வாங்குபவர்களில் பெரும்பாலோர் முதிர்வின்போது என்ன வரும் என்பதை மட்டுமே கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். இடையில் உயிர் போனால் என்ன வரும் என்று கேட்பதை அபசகுனமாக நினைக்கிறார்கள். முகவர்களுக்கும் அது வசதியாகவே இருக்கிறது.

அடுத்து, ஏற்கெனவே உங்களிடம் இருப்பதை எண்ணிப் பாருங்கள். உங்கள் கம்பெனியில் பி.எஃப். பிடித்தம் இருந்தால், அதனோடு இ.டி.எல்.ஐ. என்ற வைப்பு இணைப்புக் காப்பீடும் சேர்ந்தே வருகிறது. அதற்கு உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு காசும் பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். பணியில் இருக்கும்போது ஊழியர் எந்தக் காரணத்தால் இறந்தாலும், கடைசி 12 மாதங்களின் சராசரிச் சம்பளத்தைப்போல 35 மடங்கும், பி.எஃப். இருப்பின் சராசரியில் பாதியும் குடும்பத்துக்குக் கிடைக்கும். சம்பளத்தை 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் கொள்வதில்லை; இருப்பில் பாதி என்பதற்கும் 1,75,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு; ஆக மொத்தம் அதிகபட்சம் 7 லட்சம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீங்கள் 28,000 வாங்கினாலும், பி.எஃப். கணக்கில் உங்கள் சம்பளம் 10,000 என்று காட்டப்பட்டிருந்தால் 35 மடங்கு என்பது மூன்றரை லட்சத்தோடு நின்றுவிடும். சம்பளச் சீட்டை எடுத்து அந்த ஒரு வரியைப் பாருங்கள். திருமணத்துக்கு முன் அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தால், திருமணத்தோடு அந்த நியமனம் செல்லாததாகிவிட்டது என்பதையும் அறிந்து, இணையத்தில் புதிதாகப் பதிந்துவிடுங்கள்; அதில் சிக்கல் வந்தால் பி.எஃப். மண்டல அலுவலகம் வேலூரிலேயே இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு வேலையோடு கட்டுண்டது. வேலையை விட்டால் அதுவும் போய்விடும் என்பதால், இதை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது.

இரண்டாவது அடுக்கு, 2015-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம். ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். 55 வயதுவரை தொடரலாம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு காப்பீட்டு ஆண்டு என்பதால், மே மாதக் கடைசியில் கணக்கில் அந்தப் பணம் இருக்க வேண்டும். சம்பளத்தை வந்த கையோடு முழுவதும் எடுத்துவிடுபவர்களுக்குப் பாதுகாப்பு அறுந்துபோவது இந்த இடத்தில்தான். சிலர் மூன்று வங்கிகளில் மூன்று முறை சேர்ந்துவிட்டு 6 லட்சம் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். எத்தனை கணக்கில் பிடித்தாலும் ஒருவருக்கு 2 லட்சம்தான். புதிதாகச் சேர்பவருக்கு முதல் 30 நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம் உண்டு. உங்கள் மனைவி பெயரிலும் சேர்த்துவிடுங்கள். அவர் சம்பாதிக்காவிட்டாலும், அவர் செய்யும் வேலைகளைக் காசு கொடுத்துச் செய்விக்க வேண்டிய நிலை வந்தால் தெரியும். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமரின் சுரக்‌ஷா திட்டம் விபத்துக்கு மட்டுமானது. அதையும் எடுத்து வையுங்கள்.

இவ்விரண்டும் போக, மீதி 42 லட்சத்துக்குக் குறையாத தொகைக்கு டேர்ம் பாலிசிதான் வழி; குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டுமே பணம் தருவது அது. அதில் முதிர்வுத் தொகை என்று ஒன்றும் வராது. காலம் முடிந்து நீங்கள் நலமாக இருந்தால் கட்டிய பணம் போனது போனதுதான். வண்டிக்குப் போடும் இன்ஷூரன்ஸை நாம் அப்படித்தான் கட்டுகிறோம், யாரும் வருந்துவதில்லை. புகையிலைப் பழக்கமும் பெரிய நோயும் இல்லாத உங்கள் வயது ஆணுக்கு, 60 வயதுவரை 50 லட்சம் என்றால் ஆண்டு பிரீமியம் பத்தாயிரத்தை ஒட்டி, நிறுவனத்துக்கு நிறுவனம் சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கும். முகவர் கேட்பது ஆண்டுக்கு 30,000. தருவது அதில் பத்தில் ஒரு பங்கு பாதுகாப்பு. மீதமாகும் 20,000 ரூபாயை மகள் பெயரில் செல்வமகள் கணக்கிலோ பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதியிலோ போட்டால், சேமிப்பும் தனியாக வளரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை; அதற்கு முன் டேர்ம் பிரீமியத்தின் மேல் 18 விழுக்காடு கட்ட வேண்டியிருந்தது. எனவே பழைய விலைப் பட்டியலை யாராவது காட்டினால் ஏற்க வேண்டாம்.

பிரீமியத்தை ஏற்றிவிடும் சில அலங்காரங்கள் உண்டு. கட்டிய பணம் திரும்பி வரும் வகைக்குக் கணிசமாகக் கூடுதலாகக் கேட்பார்கள். 85, 99 வயதுவரை பாதுகாப்பு என்பதும் அப்படியே. பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கி, கடனும் அடைந்த பிறகு உங்களுக்கு அது தேவையில்லை. வீட்டுக் கடனோடு வங்கி சேர்த்துத் தரும் காப்பீடு கட்டாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதன் பிரீமியத்தைக் கடனிலேயே ஏற்றி, அதற்கும் வட்டி வாங்குவார்கள். நான் இருந்த இருக்கையில் இருந்து இதைச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது.

சம்பளச் சீட்டு உள்ள உங்களுக்கு டேர்ம் பாலிசி கிடைப்பது எளிது. தறி நெய்பவர், தோல் மண்டியில் கூலி வேலை பார்ப்பவர், பீடி சுற்றுபவர் போன்றோருக்கு வருமானச் சான்று இல்லை என்றோ படிப்பு போதாது என்றோ மறுப்பு வருவதுண்டு. அவர்களுக்காகவே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஜனவரி 1 முதல் சரல் ஜீவன் பீமா என்ற ஒரே மாதிரியான பாலிசியைக் கொண்டுவந்தது. தொகை 5 முதல் 25 லட்சம் வரை. தொழில், படிப்பு, ஊர் என்று பார்த்து ஒதுக்குவதில்லை. முதல் 45 நாட்கள் விபத்து மரணத்துக்கு மட்டும். பிரீமியம் சற்று அதிகம்தான். ஆனாலும், உங்கள் உறவில் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு 1995-இல் வந்த கிராமிய அஞ்சல் காப்பீடு நம்பகமானதே. ஆனால் அது சேமிப்போடு கூடியது, உச்சவரம்பும் 10 லட்சம்தான்.

எவ்வளவு மலிவாக வாங்கினாலும், முன்மொழிவுப் படிவம் என்ற விண்ணப்பத்தில் பொய் இருந்தால் அந்தப் பாலிசி காகிதம்தான். நேரத்தை மிச்சப்படுத்த, முகவர்கள் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று நிரப்பிவிடுவது வழக்கம். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஹான்ஸ், பீடி, முன்பு செய்த அறுவை சிகிச்சை, ஏற்கெனவே உள்ள பாலிசிகள் எல்லாவற்றையும் நீங்களே எழுதுங்கள். சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளில் பழைய சிகிச்சையின் கோப்பு இருக்கும். இறப்புக் கோரிக்கை வந்தால் நிறுவனம் அதைத் தேடும். உண்மையைச் சொன்னால் பிரீமியம் கொஞ்சம் கூடலாம். மறைத்தால் மொத்தமும் போகலாம். காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி, பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கழிந்தபின் எந்தக் காரணம் காட்டியும் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்பது உண்மையே. ஆனால், அந்த மூன்று ஆண்டுகளுக்குள் என்ன நடக்கும் என்பது யாருக்குத் தெரியும்? பாலிசி கைக்கு வந்ததும், இணைத்துள்ள படிவ நகலை வரிவரியாகப் படியுங்கள். தவறு இருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஆண்டின் கோரிக்கைத் தீர்வு விகிதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆணையத்தின் ஆண்டறிக்கையில் சில ஆண்டுகளின் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். எத்தனை கோரிக்கைகள் என்பதோடு, எவ்வளவு தொகை என்பதையும் பாருங்கள். கைமாற்றுக் கடனும் உண்டு என்றால், 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் பாலிசி வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போதே எழுதிக் கொடுங்கள். பிறகு அந்தப் பணம் மனைவி மக்களுக்கே உரியது. கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. பாலிசி வந்தபின் இதைச் சேர்க்க இயலாது.

நாமினி பெயரில் கடைசியாக ஒரு கவனம் தேவை. ஆதாரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து, வங்கிக் கணக்கில் கணவர் பெயரின் முதலெழுத்து, ரேஷன் அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல் என்று நம் வீட்டுப் பெண்களின் பெயர் இடத்துக்கு ஒன்றாக இருக்கும். பாலிசியிலும் மனைவியின் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் ஒரே பெயர் ஒரே மாதிரி இருக்கும்படி இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். பேரணாம்பட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை அது.